பங்குக்காக வழக்காடிய முதல்வர்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டார இளைஞர்களே, வணிகப் பெருமக்களே! பி.எஸ். குமாரசாமி ராஜாவை நாம் மறக்கலாமா?

1949 முதல் 1952 வரை சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜபாளையத்துக்காரர் அவர். அன்று வகுப்புவாரி அரசாணைப்படி 14 இடங்களில் ஒன்று முஸ்லிம்களுக்கு உண்டு. அந்த ஆணை செல்லாது என்றது உயர்நீதிமன்றம். அவரது அரசு சும்மா இருக்கவில்லை, உச்சநீதிமன்றம் சென்றது. 1951 ஏப்ரலில் அங்கும் தோல்வி. ஆனால் அதே ஆண்டு அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. பிற்பட்டோர் ஒதுக்கீட்டுக்கு வழி பிறந்தது.

முஸ்லிம்களுக்கெனத் தனி ஒதுக்கீடு, 3.5 சதவீதம், மீண்டும் கிடைத்தது 2007-இல்தான்!

1952 தேர்தலில் அவர் தோற்றார். ஆனாலும் தம் வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார்.

வாக்குக் கேட்டு வருவோரிடம் கேளுங்கள்: எங்கள் பங்குக்காக நீங்கள் நீதிமன்றப் படியேறுவீர்களா?