திருகையைத் தொடவிடுங்கள்

இங்கிலாந்தின் வின்செஸ்டரில் ஆற்று நீரின் வேகத்தில் ஓடும் பழைய மாவு ஆலை ஒன்று இருக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் மீண்டும் கட்டப்பட்டது. அங்கே போகிறவர்கள் கோதுமை மாவாவதைக் கண்ணெதிரே பார்க்கலாம். இப்படிக் கண்ணெதிரே காட்ட தருமபுரிப் பள்ளிகளுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடெல்லாம் வேண்டாம், ஒரு திருகை போதும். மேல்கல்லின் குழியில் ஒரு பிடி கேழ்வரகைப் போட்டு, மரப்பிடியைப் பிடித்துச் சுற்றினால் ஓரமெல்லாம் மாவு உதிரும். அவசரப்பட்டு அள்ளிப் போட்டால் நொய்தான் மிஞ்சும். கல் மழுங்கினால் உளி வைத்துக் கொத்த வேண்டும். கேழ்வரகு தோலோடே அரைபடுவதால், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் இருக்கும் சுண்ணாம்புச் சத்து வீணாகாமல் களிக்கு வந்துசேர்கிறது. இத்தனையையும் பாடப்புத்தகம் சொல்லலாம்தான். கை சொன்னால் மறக்காது. 2023இல் தமிழக அரசு நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் அதைக் களியாக்கத் தெரிந்த கைகள் குறைந்துவருகின்றன. பழம்பெருமை பேச இதைச் சொல்லவில்லை. விடியுமுன் எழுந்து அரைத்த பெண்களின் தோள்வலியை மறைத்துவிட்டுத் திருகையைப் புகழ்வது அயோக்கியத்தனம். பள்ளிப் பிள்ளைகளை, முக்கியமாகப் பையன்களை, கால் மணி நேரம் சுற்றவிடுங்கள். சொல்லிக்கொடுக்க வரும் பாட்டிமாருக்கு, சால்வைக்குப் பதில் ஒரு நாள் சம்பளம் கொடுங்கள்.