சாவி யார் கையில் இருந்தது?

அம்பலவாணன்பேட்டை முகாமுக்கு நான் முதலில் போனது ஆய்வுக்காகத்தான். நெல்லிக்குப்பத்திலிருந்து கடலூர் போய் பஸ் மாறினால் குள்ளஞ்சாவடி, அங்கிருந்து கொஞ்ச தூரம். கையில் முப்பது கேள்விகள் அடங்கிய படிவம் இருந்தது. ஒரு பெரியவர் எதற்கும் பதில் சொல்லாமல் என்னைத் திருப்பிக் கேட்டார்: "டேவிட் ஐயாவத் தெரியுமா? டாக்டர் ராஜசுந்தரத்தத் தெரியுமா?" எனக்குத் தெரியவில்லை. "டாக்டர ஜெயிலுக்குள்ள வச்சே அடிச்சுக் கொன்னுட்டாங்க தம்பி. எங்களுக்குக் காணி குடுத்ததுக்கு" என்றார்.

வெலிக்கடை என்றால் குட்டிமணி, தங்கத்துரை, ஜெகன் ஆகிய பெயர்களை நான் பள்ளி நாட்களிலேயே அறிவேன். ஆண்டுதோறும் ஜூலை மாதத்தில் நம் ஊர்ச் சுவர்களில் அவர்கள் முகங்கள் வரும். மருத்துவர் ராஜசுந்தரத்தின் முகத்தை எந்தச் சுவரிலும் பார்த்ததில்லை. ஏன் என்று யோசிக்கத் தொடங்கியது அந்த முகாமில்தான்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983 ஜூலை 23 இரவு யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் புலிகளின் தாக்குதலில் 13 ராணுவத்தினர் இறந்தார்கள். மறுநாள் இரவு கொழும்பு பொரளையில் வன்முறை தொடங்கியது. வெலிக்கடைச் சிறை இருப்பதும் அதே பொரளையில்தான். 25ஆம் தேதி பிற்பகல் சிங்களக் கைதிகள் கூட்டமாகப் புகுந்து 35 தமிழ் அரசியல் கைதிகளைக் கொன்றார்கள். தப்பியவர்களை அதே வளாகத்தில் வேறு கட்டடத்துக்கு மாற்றினார்கள். 27ஆம் தேதி அங்கேயும் புகுந்து 18 பேரைக் கொன்றார்கள். மொத்தம் 53 பேர்.

அரசு இதற்கு வைத்த பெயர் 'சிறைக் கலவரம்'. நம் பத்திரிகைகளும் அப்படியே எழுதின, இன்றும் எழுதுகின்றன. இந்தச் சொல்லோடுதான் எனக்குச் சண்டை. கலவரம் என்றால் இரண்டு தரப்பு மோத வேண்டும். இங்கே ஒரு தரப்பு பூட்டிய அறைக்குள் இருந்தது. உள்ளே இருப்பவன் கதவைத் திறக்க முடியாது, வெளியே இருக்கும் கைதியிடமும் சாவி கிடையாது. அப்படியானால் கதவு எப்படித் திறந்தது? உயிர் பிழைத்தவர்களின் சாட்சியங்கள் எல்லாம் இந்த ஒரு கேள்வியைத்தான் சுற்றுகின்றன. முதல் நாள் நடந்ததைக் கைமீறிப்போனது என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். நாடே அறிந்த பிறகு, இரண்டு நாள் கழித்து, அதே சிறையில் மறுபடி நடந்ததற்கு என்ன பெயர்?

பிழைத்தவர்களில் ஒருவர் எஸ்.ஏ. டேவிட். கட்டடக் கலைஞர், அப்போது அறுபதை நெருங்கியிருந்தார். 27ஆம் தேதி அவரும் ராஜசுந்தரமும் சில பாதிரியார்களும் மாடி அறையில் இருந்தார்கள். கும்பல் வந்ததும் ராஜசுந்தரம் முன்னால் போய், எங்களை ஏன் கொல்கிறீர்கள், நாங்கள் என்ன செய்தோம் என்று பேசிப் பார்த்தார். அவரை வெளியே இழுத்து அடித்தே கொன்றார்கள். மற்றவர்கள் மேசைக் கால்களையும் நாற்காலிகளையும் பிடுங்கி வாசலை மறித்து நின்றார்கள். ராணுவம் வந்து கும்பலைக் கலைக்கும்வரை தாக்குப்பிடித்தார்கள். ஆக, அந்த வளாகத்தில் கிளர்ச்சி என்று சொல்லத்தக்கது ஏதாவது நடந்ததென்றால், அது அந்த வாசலில், மேசைக்காலோடு நடந்ததுதான். பிழைத்தவர்கள் மட்டக்களப்புச் சிறைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். செப்டம்பர் 23 அன்று அந்தச் சிறை உடைக்கப்பட்டது. டேவிட் தப்பி இந்தியா வந்தார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சென்னையில் வாழ்ந்தார். 2015இல் ஊர் திரும்பி, அதே ஆண்டில் கிளிநொச்சியில் இறந்தார். நான் கல்லூரியில் படித்த காலமெல்லாம் அவர் இங்கே, சென்னையில்தான் இருந்திருக்கிறார்.

ராஜசுந்தரமும் டேவிட்டும் ஆயுதம் ஏந்தியவர்கள் அல்ல. 1970களில் காந்தியம் என்ற அமைப்பை உருவாக்கியவர்கள். 1977 வன்முறையில் தோட்டங்களிலிருந்து துரத்தப்பட்டு வவுனியாவுக்கு வந்த மலையகக் குடும்பங்களுக்கு நிலம், விவசாயம், பாலர் பள்ளி, நடமாடும் மருத்துவம் என்று வேலை செய்தார்கள். 1983 ஏப்ரலில் இருவரும் கைதானார்கள்.

மலையகத் தமிழர் யார்? திருச்சி, தஞ்சை, சேலம், தென்னாற்காடு என்று நம் மாவட்டங்களிலிருந்து பஞ்சத்திலும் பண்ணை அடிமைத்தனத்திலும் சிக்கி, கங்காணிகளின் கடனில் கப்பலேறியவர்கள். பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகள். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களில் ஏறத்தாழ ஏழு லட்சம் பேரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து, இவ்வளவு பேர் உனக்கு, இவ்வளவு பேர் எனக்கு என்று பிரித்துக்கொண்டார்கள்: 5,25,000 இந்தியாவுக்கு, 3,00,000 இலங்கைக்கு. யாழ்ப்பாணத்து மேல்சாதி அரசியலிலும் இவர்களைத் 'தோட்டக்காட்டான்' என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. இப்படிப்பட்ட மக்களைச் சொந்த நிலத்தில் உட்காரவைப்பதுதான் அந்த அரசின் கண்ணில் ஆபத்தான காரியமாகத் தெரிந்தது.

கென்ட், டாலர் பண்ணைகளின் கதையைப் பாருங்கள். மலையக அகதிகள் குடியேறியிருந்த அந்த நிலங்களிலிருந்து அவர்களைத் துரத்திவிட்டு, 1984இல் சிங்களக் கைதிகளைக் குடும்பத்தோடு குடியேற்றியது அரசு. நிலமற்றவனின் நிலம் சிறையாக மாறியது. அந்த நவம்பரில் புலிகள் அங்கே புகுந்து பெண்கள், குழந்தைகள் உட்படக் கொன்றார்கள். இதையும் சொல்லாமல் வெலிக்கடையைப் பற்றி மட்டும் பேச என்னால் முடியாது.

வெலிக்கடை 1983க்காக இதுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பிந்துனுவெவ தடுப்பு முகாமில் 2000 அக்டோபரில் தமிழ் இளைஞர்கள் கொல்லப்பட்டபோது ஐந்து பேருக்குத் தண்டனை கிடைத்தது; பிறகு மேல்முறையீடுகளில் எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். ஆனால் 2012 நவம்பரில் அதே வெலிக்கடையில் 27 கைதிகள் கொல்லப்பட்ட வழக்கில், 2022இல் சிறை உயரதிகாரி ஒருவருக்கே மரண தண்டனை விதிக்கப்பட்டது. மரண தண்டனையை நான் ஏற்பவனல்ல. சிறைக்குள் நடந்ததை விசாரிக்கவே முடியாது என்பது பொய் என்பதற்காகச் சொல்கிறேன்.

இலங்கையைத் திட்டிவிட்டு எழுந்துபோவது நமக்குச் சுலபம். 2021 ஏப்ரலில் பாளையங்கோட்டை மத்திய சிறையில் பட்டியல் சமூக இளைஞர் ஒருவரைச் சக கைதிகள் அடித்துக் கொன்றார்கள். அதுவும் 'கைதிகளுக்குள் மோதல்' என்றுதான் செய்தியானது. அதே சிறையில் சாதிவாரியாகத் தனித்தனிப் பிரிவுகள் இருந்ததை, சிறைகளில் சாதிப் பாகுபாட்டுக்கு எதிராகப் பத்திரிகையாளர் சுகன்யா சாந்தா தொடுத்த வழக்கில் 2024 அக்டோபரில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம் கண்டித்தது. மோதலைத் தடுக்கவே பிரிக்கிறோம் என்பது நிர்வாகத்தின் வாதம். வெலிக்கடையிலும் தமிழ்க் கைதிகள் தனியாகத்தான் வைக்கப்பட்டிருந்தார்கள். எந்தக் கதவைத் திறந்தால் யார் இருப்பார்கள் என்று கும்பலுக்குத் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. பிரித்து வைப்பதால் மட்டும் பாதுகாப்பு வராது. சாவி வைத்திருப்பவன் யார் பக்கம் என்பதைப் பொறுத்தே அது பாதுகாப்பா பொறியா என்று முடிவாகிறது. காவலில் நடக்கும் ஒவ்வொரு கொலையிலும், அடித்தவனைக் கேட்பதோடு சாவிக்காரனையும் கேட்க வேண்டும் என்பதே நம் இயக்கங்களிடம் நான் வைக்கும் கோரிக்கை.

போன மாதம் மறுபடி முகாமுக்குப் போனேன். 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு பெயரை மாற்றிவிட்டது. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லை. பெரியவரின் தாத்தா கப்பலேறியது இதே தென்னாற்காட்டிலிருந்து. என் படிவத்தில் 'குடியுரிமை' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என்ன எழுதட்டும் என்று கேட்டேன். அவர் அதைப் பார்க்கவேயில்லை.

"அடுத்த தடவ வர்றப்ப டாக்டர் படம் ஒண்ணு கெடச்சா எடுத்துட்டு வாங்க தம்பி" என்றார்.