மிளகும் பாலாடைக்கட்டியும்

ரோமாபுரியின் சமையலில் பிரசித்தமான பதார்த்தங்கள் பல உண்டு. அவற்றுள் மிகமிக எளியதென்று எல்லோராலும் சொல்லப்படுவதும், அதை நம்பி அடுப்பேற்றியவர்களை மிகுதியாக ஏமாற்றுவதும் ‘காச்சோ எ பேப்பே’ என்பதுதான். பாஸ்தா, செம்மறியாட்டுப் பாலில் செய்து உப்புக் கரிக்கும் பெக்கொரினோ ரோமானோ என்னும் பாலாடைக்கட்டி, மிளகு ஆகிய மூன்றே வஸ்துக்கள். வெண்ணெயோ, எண்ணெயோ, பூண்டோ எதுவுமில்லை. மந்தை ஓட்டிச் சென்ற இடையர்கள், நாள்பட்டாலும் கெடாத பொருள்களைப் பையில் கட்டிக்கொண்டு போய்ச் சமைத்துண்ட ஆகாரம் இது என்பார்கள். மிளகு ரோமுக்குப் புதியதன்று. சேரநாட்டு முசிறியிலிருந்து மரக்கலமேறிப் போன சரக்குக்காக, கி.பி. 92-ஐ ஒட்டி டொமீஷியன் சக்கரவர்த்தி ரோமில் தனிப் பண்டகசாலையே கட்டுவித்தான்.

முழு மிளகை வெறும் வாணலியில் வாசனை எழும்வரை வறுத்து, கொரகொரப்பாக இடித்து, பாஸ்தா வெந்துகொண்டிருக்கும் நீரில் ஒரு கரண்டி விட்டுக் கொதிக்கவிட வேண்டும். அந்த நீர்தான் இதில் கண்ணுக்குத் தெரியாத நான்காவது வஸ்து. வழக்கத்தைவிடக் குறைந்த நீரில் வேகவைத்தால் மாவுச்சத்து அதில் செறிந்து கலங்கி நிற்கும். பாலாடைக்கட்டியிலேயே உப்பு நிறைய இருப்பதால் நீரில் உப்பைக் குறைத்துக்கொள்வதே விவேகம்.

சங்கடமெல்லாம் கடைசி இரண்டு நிமிஷத்தில்தான். உஷ்ணம் ஏறத்தாழ 65 டிகிரியைத் தாண்டினால், பாலாடைக்கட்டியின் புரதம் ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு, குழம்பாக வேண்டியது ரப்பர்போல் திரண்டு கரண்டியில் ஒட்டிக்கொள்ள, அடியில் வெறும் தண்ணீர் தெளிந்து நிற்கும். ஆகவே பொடியாகத் துருவியதைச் சற்று ஆறிய நீரில் முன்கூட்டியே பசையாகக் குழைத்து வைத்துக்கொண்டு, வெந்த பாஸ்தாவை மிளகு நீரில் போட்டதும் வாணலியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கும்வரை பொறுத்திருந்து, பிறகே அந்தப் பசையைச் சேர்த்து, இடைவிடாமல் கிளற வேண்டும்.

இந்தச் சிரமத்தை ஆராய இத்தாலியப் பௌதிக விஞ்ஞானிகள் சிலர் முனைந்ததும், 2025-இல் ஒரு விஞ்ஞானப் பத்திரிகையில் அதன் முடிவுகளை வெளியிட்டதும், முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆராய்ச்சிகளுக்கு வழங்கப்படும் இக்-நோபல் பரிசை அதே ஆண்டில் பெற்றதும் வேடிக்கையான விஷயமானாலும், அவர்கள் கண்டது பயனுள்ளது: பாலாடைக்கட்டியின் எடையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்கு மாவுச்சத்து இருந்தால் அது திரளாது, ஒரு பங்குக்கும் குறைந்தால் பிரிந்துவிடும், நான்கைத் தாண்டினால் ஆறும்போது கெட்டிப்பட்டுவிடும். பாஸ்தா வெந்த நீரில் எவ்வளவு இருக்குமென்று யார் கண்டது? 200 கிராம் பாலாடைக்கட்டிக்கு 5 கிராம் சோளமாவை 50 கிராம் நீரில் கரைத்துக் காய்ச்சிச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பாட்டிமார் கைப்பழக்கத்தில் கண்டதைத் தராசில் நிறுப்பது அபசாரமென்று ஆட்சேபிப்போர் இருக்கலாம். அந்தப் பழக்கம் கைக்கு வராத நம்மைப் போன்றோர் சோளமாவைச் சேர்ப்பதில் யாதொரு இழுக்கும் இல்லையென்பது என் அபிப்பிராயம். க்ரீமை ஊற்றி மழுப்புவதை மாத்திரம் என்னால் சகிக்க முடியாது. மிளகின் காரமும் பெக்கொரினோவின் கரிப்பும் அதில் மங்கிவிடுகின்றன.

ஆறினால் இறுகிவிடும் பண்டமாதலால், தட்டைச் சூடுபடுத்தி வைத்துக்கொண்டு, உண்பவர்களை முதலில் உட்காரவைத்த பிறகே பரிமாற வேண்டும். எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் தனியே உண்ணும் நம் இல்லத்து வழக்கம் இதற்குச் சற்றும் ஒத்துவராது. சமைத்தவரும் கூடவே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.