அப்பாவோட புல்லட் இன்ஜினுக்கு 52,000 ரூபாய்: முதலீடா, செலவா?

போன வீடியோவுல எனக்குப் பின்னாடி நின்ன பழைய புல்லட்டைப் பார்த்துட்டு, "சார், பழசாக ஆக விலை ஏறுமே, நல்ல முதலீடுதானே?"ன்னு சிலர் கேட்டிருந்தீங்க. ஒரு சி.ஏ.வா என் பதில்: இல்லைங்க, அது செலவு. செலவுன்னு ஒத்துக்கிட்டு செஞ்சா தப்பே இல்லை. முதலீடுன்னு பேர் வச்சு செய்யும்போதுதான் கை சுடும்.

அது அப்பாவோட 1988 மாடல் 350. இங்கிலாந்து டிசைன், 1955-ல இருந்து நம்ம சென்னையில தயாரான வண்டி. 346 சிசி, ஒரே சிலிண்டர், ரேடியேட்டர் கிடையாது. பேரலைச் சுத்தி இருக்கிற ஃபின் மேல காத்து பட்டுத்தான் சூடு இறங்கணும். அமைப்பு எளிமையா இருக்கிறதால, ராசிபுரத்து வீட்டுத் திண்ணையிலேயே பிரிச்சு மாட்டிடலாம்னு இறங்கிட்டேன்.

போரிங், ஓவர்சைஸ் பிஸ்டன், ரிங், வால்வு, கேஸ்கட் எல்லாம் சேர்த்து நான் போட்ட பட்ஜெட் 25,000. டூல்ஸுக்கும் முதல் சுற்று பார்ட்ஸுக்குமே 11,000 போயிடுச்சு. பேரலைக் கழட்டி கனெக்டிங் ராடை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தா, பிக் எண்ட்ல ப்ளே. கிராங்க்கை பிரஸ்ல பிரிச்சு, புது புஷ் போட்டு, மறுபடி சேர்த்து கோட்டம் எடுக்கணும். திண்ணையில நடக்கிற வேலை இல்லை.

நாமக்கல்ல லாரி இன்ஜின் வேலை பார்க்கிற ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டு போனேன். அங்க இருந்த அண்ணன் எல்லாத்தையும் அளந்து பார்த்துட்டு, "பிரிக்காம போடுற எஸ்டிமேட் ஜோசியமுங்க தம்பி"ன்னாரு. மீதி வேலைக்கு அவர் சொன்ன கணக்கு 41,000. என் பட்ஜெட்ல மிச்சம் 14,000. பற்றாக்குறை 27,000.

இந்த இடத்துலதான் நாம மாட்டுவோம். "ஏற்கனவே 11,000 போட்டாச்சே"ன்னு மனசு கிரெடிட் கார்டை எடுக்கச் சொல்லும். மாசம் 3.5% வட்டின்னா 27,000-க்கு முதல் மாசமே 945 ரூபாய், அந்த வட்டி மேல 18% ஜி.எஸ்.டி. வேற. போன 11,000 போனதுதான், அதைக் கணக்குல இருந்து எடுத்துடுங்க. கேட்க வேண்டிய கேள்வி ரெண்டுதான். இன்னைக்குப் புதுசா 41,000 போட எனக்கு இஷ்டமா? அந்தப் பணம் கையில இருக்கா? முதலாவதுக்கு ஆமாம், ரெண்டாவதுக்கு இல்லை. வேலையை நிறுத்தினேன். பார்ட்ஸுக்கு எண்ணெய் தடவி, கவர்ல போட்டு, பேர் எழுதி வச்சேன். மாசம் 4,500 வீதம் ஆறு மாசத்துக்கு ஒரு ஆர்.டி. ஆரம்பிச்சேன்.

அந்த ஆறு மாசம் சுலபமா இல்லை. அப்பாவுக்கு 71 வயசு. ஊருக்குப் போறப்பெல்லாம் "எப்பக் கண்ணு ஓடும்?"னு கேட்பாரு. அவரால ஓட்ட முடியாமலே போயிட்டா, மிச்சம் பண்ணின வட்டியை வச்சு என்ன பண்ணப் போறேன்? இதுக்கு கால்குலேட்டர்ல பதில் இல்லை. எமர்ஜென்சி ஃபண்டுல கை வச்சிருக்கலாம். ஆனா அவருக்கே ஆஸ்பத்திரி செலவு வந்தா எடுக்க வேண்டிய பணம் அதுதானே?

இப்ப வரி விஷயம். சொந்த உபயோகத்துக்கு வச்சிருக்கிற பைக், வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்து இல்லை. லாபத்துக்கு வித்தா வரி கிடையாது. நஷ்டத்துக்கு வித்தா அதைக் கழிச்சுக்கவும் முடியாது. 15 வருஷம் தாண்டின வண்டிக்கு 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. புதுப்பிக்கணும். பசுமை வரி, இன்சூரன்ஸ் தனி. வண்டி சும்மா நின்னாலும் செலவு வைக்கும்.

அதனால பழைய வண்டியோ பழைய வீடோ, ரெண்டு பட்ஜெட் போடுங்க. முதலாவது, பிரிச்சு அளந்து பார்க்க மட்டும். அளந்த பிறகு ரெண்டாவது. ரெண்டுக்கும் நடுவுல நிறுத்துறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்குன்னு மறக்காதீங்க. பொழுதுபோக்குக்கு இ.எம்.ஐ. வேண்டவே வேண்டாம்.

வண்டி இப்ப ஓடுது. கிக்கர் உதைக்கிறது நான், ஓட்டுறது அப்பா. அந்த 52,000-ஐ என் கணக்குல செலவுன்னுதான் எழுதி வச்சிருக்கேன்.