மைண்ட்ஃபுல்னெஸ்ஸும் ஒரு பிளாஸ்டிக் அட்டையும்

மைண்ட்ஃபுல்னெஸ்.... எங்களை மாதிரி பொட்டி தட்டுறவங்க வாயில் இப்போ அடிக்கடி வர்ற வார்த்தை. ஆபீஸ்ல வகுப்பு, செல்போன்ல ஆப். கண்ணை மூடு, மூச்சைக் கவனி, பத்து நிமிஷத்துல மனசு லேசாகும். ஆகுது, இல்லைன்னு சொல்லலை. ஆனா பதினோராவது நிமிஷம் ஏழு விண்டோவைத் திறந்து வெச்சுக்கிட்டு, எதையும் ஒழுங்கா பார்க்காம ஆணி பிடுங்கப் போயிடறோம்.

என் கட்சி இதுதான் மக்களே. கண்ணை மூடிப் பழகுறதை விட, கண்ணைத் திறந்து நம்மைத் தவிர வேற ஒண்ணைப் பார்த்துப் பழகும்போதுதான் கவனம் அதிகமா வளருது. எங்க தஞ்சாவூர்ப் பக்கம் பெரியவங்க இதை "கருத்தா செய்யி"ன்னு ரெண்டே வார்த்தையில சொல்லிடுவாங்க.

இதுக்கு நான் கைகாட்டுற குரு ஒரு பிளாஸ்டிக் அட்டை. சிரிக்காதீங்க :-)

இலை வண்ண அட்டைன்னு பேரு. வெளிர்பச்சையில் ஆரம்பிச்சு கரும்பச்சை வரைக்கும் வரிசையா நிறக் கட்டங்கள், ஒவ்வொண்ணுக்கும் ஒரு எண். பிலிப்பைன்ஸில் இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பியது. நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் பரிந்துரைக்குது. நெற்பயிருக்கு யூரியா போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணத்தான் இந்த அட்டை.

நட்ட 14ஆம் நாளிலிருந்து கதிர் பூக்கத் தொடங்குற வரைக்கும், வாரத்துக்கு ஒரு தடவை வயலில் இறங்கணும். அங்கங்கே பத்துக் குத்துகளை எடுத்துக்கிட்டு, ஒவ்வொண்ணுலயும் மேலே முழுசா விரிஞ்ச இலையை அட்டையோட ஒப்பிடணும். வெள்ளைப் பொன்னிக்கு எண் 3, மற்ற ரகங்களுக்கு 4. பத்தில் ஆறு இலையாவது அதுக்குக் கீழே இருந்தாத்தான் மேலுரம். இல்லைன்னா மூட்டையைப் பிரிக்காம வீட்டுக்குத் திரும்பிடலாம்.

என்னை அசத்துனது இதோட விதிமுறைகள்தான். இலையைப் பறிக்கக் கூடாது. வெயில் நேரா பட்டா நிறம் ஏமாத்தும்ங்கிறதால, பார்க்கிறவர் தன் உடம்பாலேயே இலைக்கு நிழல் கொடுக்கணும். ஒவ்வொரு வாரமும் ஒரே நேரத்தில், முடிஞ்சா ஒரே ஆளே பார்க்கணும். ஆள் மாறினா கண் மாறும் இல்லையா!

யோசிச்சுப் பாருங்க. சேத்துல நின்னு, முதுகை வெயிலுக்குக் காட்டி, தன் நிழலுக்குள்ள இருக்கிற ஒத்தை இலையைப் பார்க்கிற ஒருத்தர். இதைவிட நல்ல தியானத்தை எந்த ஆப் சொல்லித் தரும்?

அட்டை இல்லாட்டி என்ன நடக்கும்? நாள் கணக்கு. "இத்தனாவது நாளா? போடு யூரியாவை." பக்கத்து வயல் கருகருன்னு தெரிஞ்சா இன்னும் கொஞ்சம் போடு. தழைச்சத்து அதிகமானா இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் விருந்துக்கு வரும், குலைநோய் வரும், பயிர் சாயும். பார்க்காம செய்யுற வேலைக்குக் கிடைக்கிற கூலி அது.

நம்ம தொழிலும் இப்படித்தான். சர்வர் படுத்தா லாக் ஃபைலைப் படிக்காம ரீஸ்டார்ட் பண்றதும், நாள் கணக்குக்கு யூரியா போடுறதும் ஒரே பழக்கம். முதல்ல பார்க்கணும், அப்புறம் அளவுகோலோட ஒப்பிடணும், தேவை இல்லைன்னா சும்மா இருக்கணும். இந்த மூணாவதுதான் ரொம்பக் கஷ்டம். தனிமனித வளர்ச்சின்னு புத்தகம் புத்தகமா எழுதுறாங்களே, அதுல பாதி இந்த மூணாவதுலயே இருக்குன்னு நான் நினைக்கிறேன்.

இதுக்கு இன்னொரு பக்கமும் இருக்கு. அதைச் சொல்லாட்டி இது கிராமத்துப் புகழ்பாடும் மொக்கைப் பதிவாயிடும்.

1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-ஜின் தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக ஆரம்பிச்ச பயிற்சிதான், இன்னைக்கு ஆபீஸ் வகுப்பு வரைக்கும் வந்து நிக்குது. அதுக்கும் வேர் பௌத்தம். அந்தப் பௌத்தத்துக்கு ராஜராஜ சோழன் காலத்திலேயே நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் இருந்தது. அதன் செலவுக்கு ஆனைமங்கலம்ங்கிற ஊரின் வருமானத்தைக் கொடுத்தாங்க. அதாவது அங்கே நடந்த தியானத்துக்கும் சோறு போட்டது நம்ம டெல்டா வயல்தான்!

இன்னைக்கு அந்த வயலுக்குத் தண்ணி வேணும். மேட்டூர் அணை வழக்கமா ஜூன் 12இல் திறக்கணும். 2012இல் செப்டம்பர் 17ஆம் தேதிதான் திறந்தாங்க. 2024இல் ஜூலை 28. இலையை எவ்வளவு கருத்தா பார்க்கிற விவசாயியா இருந்தாலும், நாத்து விட வேண்டிய நேரத்துல ஆத்துல மணல்தான் தெரிஞ்சா அவர் கவனத்தை வெச்சு என்ன செய்வார்? அவரைப் போய் "மூச்சைக் கவனிங்க ஐயா"ன்னு சொல்லுவோமா?

சொல்ல மாட்டோம். ஆனா ராத்திரி பதினொரு மணிக்கு மீட்டிங் வெச்சுட்டு, மறுநாள் காலையில மன அமைதி வகுப்பு நடத்துற ஆபீஸ்ல நாம கண்ணை மூடி உக்கார்ந்துக்கறோம். மூச்சு நம்ம பொறுப்பு, சரி. மீட்டிங் நேரம் யார் பொறுப்பு? நாத்துக்கு முறைவெச்சுத் தண்ணி விடுற மாதிரி, மனுஷனுக்கும் ஓய்வு முறைப்படி வரணும். அது வராத இடத்துல கவனத்தை மட்டும் கேட்கிறது, காய்ஞ்ச வயல்ல அட்டையை நீட்டுற மாதிரி.

அதனால ரெண்டையும் சேர்த்துத்தான் கேட்கணும்னு நான் சொல்றேன். வேலையைக் கருத்தா செய்யப் பழகணும், அப்படிச் செய்யறதுக்கான நேரத்தை வாய்விட்டுக் கேட்கவும் பழகணும். ரெண்டாவதையும் வளர்ச்சிக் கணக்குல சேருங்கப்பா.

உங்க ஊர்ல இந்தக் "கருத்தா"வுக்கு என்ன சொல்வாங்க? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

டிஸ்கி: மூச்சைக் கவனிக்கிறவங்க தாராளமா தொடருங்க. கூடவே அடுப்புல இருக்கிற பாலையும் கவனிங்க :-)