வெள்ளைப்படுதல்னா எல்லாமே "சூடு" இல்லீங்க

"சார், உடம்பு சூடு. வெள்ளை படுது. மாத்திரை மட்டும் எழுதுங்க, ஒரு மணிக்கு கம்பெனி பஸ் வந்துரும்."

ஒரகடம் பக்கம் ஓபி பார்க்கிற எந்த டாக்டரைக் கேட்டாலும் இந்த வசனத்தை மனப்பாடமா சொல்லுவாங்க. நான் ஆம்பள டாக்டர்ங்கிறதால பாதிப் பேர் இதைக்கூட என்கிட்ட சொல்றதில்ல. ஸ்டாஃப் நர்ஸ் அக்கா காதுல சொல்லி, அவங்க எனக்குச் சொல்லணும்.

வடக்குப்பட்டு, வல்லம் வடகால்னு இந்தப் பக்கம் முழுக்க வேலைக்கு வந்த பெண்கள்தான். எவ்வளவு பேர்னு புரிய ஒரு கணக்கு சொல்றேன். 2024 ஆகஸ்ட்ல வல்லம் வடகால் சிப்காட்ல திறந்த பெண் தொழிலாளர் விடுதியில மட்டும் 18,720 பேர் தங்கலாம். இது போக வாடகை ரூம்ல இருக்கிறவங்க தனி. பெரும்பாலும் சின்ன வயசு. அம்மா கூட இல்ல, கேக்க ஆள் இல்ல. மெடிக்கல் ஷாப்தான் டாக்டர்.

கொஞ்சம் நீளமான திரெட். ஆண்களும் படிங்க, உங்களுக்கும் இதுல வேலை இருக்கு.

முதல்ல, மாதவிடாய் சுழற்சிக்கு நடுவுல வர்ற நிறமில்லாத, நாற்றமில்லாத, அரிப்பில்லாத கசிவு நோயே இல்ல. அதுக்கு மருந்தும் வேண்டாம். அரிப்பு, எரிச்சல், நாற்றம், நிற மாற்றம் இருந்தாதான் தொற்றுன்னு சந்தேகப்படணும். அதுவும் ஒரே தொற்று இல்ல.

தயிர் திரிஞ்ச மாதிரி திட்டுத்திட்டா, தாங்க முடியாத அரிப்போட வந்தா அது பெரும்பாலும் கேண்டிடாங்கிற ஈஸ்ட். நாலு பெண்கள்ல மூணு பேருக்கு வாழ்நாள்ல ஒரு தடவையாவது வரும். இது நம்ம உடம்புலயே சாதுவா குடியிருக்கிற பூஞ்சைதான். சளி காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டா, சர்க்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா, கர்ப்பமா இருந்தா பெருகிடும். இதைப் பால்வினை நோயா யாரும் கணக்குல சேர்க்கிறதில்ல. கல்யாணமே ஆகாத 19 வயசுப் பொண்ணுக்கும் வரும். அந்தப் பொண்ணைக் கூட்டத்துக்கு நடுவுல நிக்க வச்சு "கல்யாணம் ஆயிடுச்சா?"ன்னு ஒரு மாதிரி கேக்கிற டாக்டர்கள் எங்க கூட்டத்துலயே இருக்காங்க. அப்புறம் அவ ஏன் ஆஸ்பத்திரி பக்கம் வரப்போறா?

மீன் வாடையோட சாம்பல் நிறத்துல வர்றது பாக்டீரியா சமநிலை கெட்டுப்போறதால. உலக அளவுல நாலுல ஒரு பெண்ணுக்கு இருக்கு. மூணுல இதுதான் அதிகம்.

மூணாவது ட்ரைக்கோமோனாஸ். ஒட்டுண்ணி. ஒரே செல், வால் இருக்கும், நீந்தும். மஞ்சளா, பச்சையா, நுரையா கசியும். உடலுறவு வழியாத்தான் பரவும். 2020ல மட்டும் உலகத்துல 15.6 கோடி பேருக்குப் புதுசா வந்ததா உலக சுகாதார நிறுவனத்தோட மதிப்பீடு. கொனோரியா 8.2 கோடிதான். கொனோரியா பேரையாவது நாலு பேர் கேள்விப்பட்டிருப்பாங்க, இதை யாருமே கேள்விப்பட்டதில்ல. விட்டுட்டா குறைமாசப் பிரசவம் ஆகிற வாய்ப்பும், ஹெச்ஐவி தொற்றுற வாய்ப்பும் கூடும்.

அரசு ஆஸ்பத்திரியில இதுக்குப் பச்சை கிட் இருக்கு. செக்னிடசோல், ஃப்ளூக்கனசோல். ஒட்டுண்ணி, பாக்டீரியா, ஈஸ்ட் மூணுக்கும் சேர்த்து ஒரே வேளை. லேப் இல்லாத இடத்துல, மறுபடி வர முடியாத பேஷன்டுக்கு இது அருமையான ஏற்பாடு. குறை சொல்ல மாட்டேன். ஆனா லேப் இருக்கிற இடத்துலயும் அதை நீட்டிட்டு "நெக்ஸ்ட்"னு கூப்பிடுறோமே, அதைத்தான் சொல்றேன். நானும் அப்படி எத்தனையோ தடவ கொடுத்திருக்கேன்.

ஒருத்தங்க மூணாவது தடவயா வந்தாங்க. (அடையாளம் தெரியாம சில விவரங்களை மாத்தியிருக்கேன்.) நடுவுல ரெண்டு தடவ மெடிக்கல்ல காம்பினேஷன் கிட் வாங்கிச் சாப்பிட்டிருக்காங்க. சரியாகும், மறுபடி வரும். அன்னைக்குத்தான் ஸ்க்ரீனை இழுத்துவிட்டு, நர்ஸ் அக்கா உதவியோட சாம்பிள் எடுத்தோம். ஸ்லைடுல ஒரு சொட்டு சலைன். லேப் டெக்னீஷியன் கூப்பிட்டார், "சார், வந்து பாருங்க, ஓடுது."

நிஜமாவே ஓடுச்சு. பத்து நிமிஷ வேலை. எடுத்த கையோட பார்க்கணும், ஆறிப்போனா அசையாது, சீழ் செல் மாதிரி தெரியும். இந்த டெஸ்ட் கணிசமானதைத் தவறவும் விடும்தான். பார்க்காமலே விடுறதுக்கு இது எவ்வளவோ மேல்.

அவங்க கணவருக்கு ஒரு தொந்தரவும் இல்ல, அதனால மருந்தும் சாப்பிடல. இவங்க குணமாகறதும், அவர்கிட்ட இருந்து திரும்ப வாங்கிக்கிறதுமா ஓடியிருக்கு. அதை நான் விளக்கினதும் அவங்க கேட்ட கேள்வி: "அப்போ அவர் வேற எங்கயாவது போனாரா சார்?"

இந்த இடத்துலதான் டாக்டர் வாயை அளந்து பேசணும். ட்ரைக்கோமோனாஸ் வந்தவங்கள்ல சுமார் 70 சதவீதம் பேருக்கு அறிகுறியே இருக்காது. மாசக்கணக்கா, சில சமயம் வருஷக்கணக்கா சத்தமில்லாம உள்ள இருக்கும். கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததா, யார் யாருக்குக் கொடுத்தாங்கன்னு எந்த ஸ்லைடும் சொல்லாது. இதையே ஒரு ஆண் பொண்டாட்டியைப் பார்த்துக் கேட்டா கேள்வியோட நிக்காது, அடி விழும். அதனால நான் ரெண்டு தரப்புக்கும் ஒரே பதில்தான் சொல்றேன்: "எப்போ வந்ததுன்னு தெரியாது. ரெண்டு பேரும் மாத்திரை சாப்பிட்டா போயிடும்."

ரெண்டு பேரும் முடிச்சு, தொந்தரவு போற வரைக்கும் சேரக்கூடாது. மூணு மாசம் கழிச்சு மறுபடி டெஸ்ட்.

தொழிற்சாலை வாசல் வரைக்கும் போய் பிபி, சுகர் பார்க்கிறோம். நல்ல விஷயம். அதே டேபிள்ல ஒரு பெண் ஊழியர், மறைவா, "வெள்ளைப்படுதல் தொந்தரவு இருக்கா?"ன்னு ஒரு கேள்வி கேக்கலாம். ஆஸ்பத்திரி போக ரெண்டு மணி நேரம் சம்பளம் பிடிக்காம விடச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதலாம். டாய்லெட் போக லைன் லீடர்கிட்ட அனுமதி கேட்டு நிக்கிற பொண்ணு, நாப்கின் மாத்தக்கூட நேரமில்லாத பொண்ணு, இதுக்கு லீவு கேப்பான்னு எதிர்பார்க்கிறது நியாயமா?

படிக்கிற பெண்களுக்கு: டெட்டால், சோப்பு, வாசனை வாஷ் எதுவும் உள்ள வேண்டாம், தயிரும் வேண்டாம். வெறும் தண்ணி போதும், அதுவும் வெளியில மட்டும். கர்ப்பமா இருந்தா மெடிக்கல் ஷாப் கிட்டைத் தொடாதீங்க, ஃப்ளூக்கனசோல் அப்போ கூடாது, உள்ள வைக்கிற மாத்திரை இருக்கு. வருஷத்துக்கு மூணு நாலு தடவ ஈஸ்ட் வந்தா சுகர் பாருங்க.

அந்த அக்காவோட கணவர் அடுத்த வாரம் நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வந்தார். மாத்திரையை என் முன்னாடியே போட்டுக்கிட்டார். ஓபி சீட்டுல என்ன எழுதியிருக்கேன்னு மட்டும் ரெண்டு தடவ கேட்டார்.