உரைகல் இல்லாத உயிர் உரம்

காஞ்சிபுரத்தில் விவரம் தெரிந்தவர்கள் பட்டுப்புடவையைக் கையில் எடுத்ததும் ஜரிகையைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிந்தால் ஒரு நம்பிக்கை. அதுவும் போதாது என்றால் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று சொல்ல இயந்திரமே இருக்கிறது. நான் வங்கியில் இருந்த காலத்தில், நகைக்கடன் கேட்டு வருபவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் மதிப்பீட்டாளர் உரைகல்லில் உரசாமல் ஒரு ரூபாய் கைமாறாது.

அதே ஊர்க்காரர்களான நாம், உயிர் உரக் கடையில் மட்டும் பாக்கெட்டில் தேதியைப் படித்துவிட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வருகிறோம். டிரைக்கோடெர்மா, சூடோமோனாஸ், ரைசோபியம் எல்லாமே உயிருள்ள சரக்கு. மே மாத வெயிலில் தகரக் கூரைக்கடியில் கிடந்தால் செத்துப்போகும். செத்ததும் உயிரோடு இருப்பதும் பார்வைக்கு ஒரே பொடிதான். நிலக்கடலையில் வேரழுகல் நிற்கவில்லை என்றால் பக்கத்து வயல்காரர், "இயற்கை விவசாயமே இப்படித்தான் சார், எல்லாம் பேச்சோட சரி" என்கிறார். பழி பாக்கெட்டுக்குப் போவதில்லை, நம் முறைக்கு வருகிறது.

இதை நாமே சோதிக்க, நாலைந்து ஊருக்கு ஒரு சின்ன உயிரியல் கூடம் வேண்டும் என்பது என் கட்சி. பெரிய செலவெல்லாம் இல்லை. டிரைக்கோடெர்மாவையே எடுத்துக்கொள்வோம். கிராமுக்கு 20 லட்சம் உயிரணு என்று பெரும்பாலான பாக்கெட்டுகளில் போட்டிருக்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 200 கிராம் உருளைக்கிழங்கு வேகவைத்த சாறு, 20 கிராம் சர்க்கரை, ராமநாதபுரம் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகர் கொஞ்சம். பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் வைத்து, மூடியுள்ள கண்ணாடித் தட்டுகளில் ஊற்றினால் அல்வா மாதிரி உறைந்துவிடும். பொடி ஒரு கிராமைக் கொதித்து ஆறிய 9 மில்லி தண்ணீரில் கலக்க வேண்டும். அதில் ஒரு மில்லியை எடுத்து அடுத்த 9 மில்லியில். இப்படி ஐந்து முறை. மருந்துக்கடை ஊசிக்குழல் போதும். கடைசிக் குழாயிலிருந்து ஒரு மில்லி தட்டில் ஊற்றி, மூன்றாம் நாள் புள்ளிகளை எண்ணுங்கள். 20 புள்ளி இருந்தால், 20 பெருக்கல் ஒரு லட்சம், சொன்ன கணக்கு சரி. நாலைந்து நாளில் பச்சை ஏறினால் ஆள் டிரைக்கோடெர்மாதான் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். (கூட்டு வட்டியைத் தலைகீழாகப் போடும் கணக்கு இது.) ஒரு தட்டில் வெறும் தண்ணீர் மட்டும் ஊற்றி வையுங்கள். அதிலும் ஏதாவது முளைத்தால் நம் கை சுத்தமில்லை, சோதனை செல்லாது.

எண்ணி முடித்த தட்டைத் திறக்காமல் மறுபடி குக்கரில் வேகவைத்துத்தான் கொட்ட வேண்டும். "அந்தக் குக்கர்ல இனிமே நான் சாதம் வைக்க மாட்டேங்க" என்று என் வீட்டில் சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். கூடத்துக்குத் தனிக் குக்கர் வாங்குங்கள்.

ரைசோபியத்துக்கு இந்தப் பாடுகூட வேண்டாம். விதைத்து ஒரு மாதம் ஆன உளுந்தை மண்ணோடு தோண்டி எடுத்து, வேர் முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் தழைச்சத்து சேர்கிறது. வெளுத்திருந்தால் முடிச்சு சும்மா இருக்கிறது.

உழவர் கையில் உயிரியல் என்பது புதுசும் இல்லை. புகையானுக்கு மருந்தடித்து ஓய்ந்த இந்தோனேசியா, 1986இல் நெல்லுக்கான 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989இல் அங்கே தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிதான் பிறகு நம் ஊர் வரைக்கும் வந்தது. அதில் பூச்சிகளை எண்ணக் கற்றோம். கண்ணுக்குத் தெரியாதவை பாக்கி. மீரட்டில் பிறந்த மனு பிரகாஷ் ஸ்டான்ஃபோர்டில் உருவாக்கி 2014இல் வெளியிட்ட ஃபோல்ட்ஸ்கோப் என்ற காகித நுண்ணோக்கி 140 மடங்கு பெரிதாக்கிக் காட்டும். பொருள் செலவு ஒரு டாலருக்குள். பூஞ்சை இழையையும் நூற்புழுவையும் அதில் பார்க்கலாம், பாக்டீரியாவுக்குப் போதாது. நியூயார்க்கில் 2010இல் ஜென்ஸ்பேஸ் என்று பொதுமக்களுக்கான உயிரியல் கூடமே திறந்தார்கள்.

நமக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் ஆய்வகம் இருக்கிறது. அங்கே நுண்ணோக்கி செய்முறைத் தேர்வுக்கு முந்தின வாரம்தான் பெட்டியை விட்டு வெளியே வரும். சனிக்கிழமைகளில் அந்த அறையைக் கேட்டு வாங்கலாம். பிள்ளைகளும் கூட நிற்கட்டும். பயிற்சிக்கும், சந்தேகமான தட்டைக் காட்டவும் காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. 2019இல் மாவட்டம் பிரிந்ததில் அது செங்கல்பட்டுப் பக்கம் போய்விட்டது, ஆனாலும் எட்டாத தூரமில்லை.

நாம் எண்ணிய கணக்கு கோர்ட்டில் நிற்காது. அதற்கு அதிகாரி மாதிரி எடுத்து அரசு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஆனால் தேதி, தொகுதி எண், வாங்கிய கடை, புள்ளி எண்ணிக்கை என்று ஒரு பேரேடு போட்டுக் கூடத்தில் தொங்கவிட்டால், கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட யோசிப்பார். முதல் பக்கத்தில் நம் இயக்கத்தார் தயாரித்து விற்கும் பாக்கெட்டுகள் ஏறட்டும். சிலர் கோபித்துக்கொள்வார்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.